ஆறிப்போச்சா என்று புறங்கையால் கேட்டவர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் செல்வி, பக்கத்து வீட்டுச் சரோஜா, அவள் இடுப்பில் இருந்த கடைக்குட்டி. மகன் ரவி வெல்டிங் கடைக்குப் போயிருந்தான். திட்டக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த அந்தோணி, ஞானம்மா டீச்சரின் மருமகன், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அத்தை போயிட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம் காப்பி கேட்டாங்க. ஆத்தி எடுத்தாறதுக்குள்ள தலை சாஞ்சிருந்துது. பாப்பா மடியிலயே தூங்கிக்கிட்டிருந்துது."

"கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள் சரோஜா.

"இல்லீங்க. பாப்பா கூட முழிக்கல."

அதைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. செல்வி மட்டும் அழுதுகொண்டே, "நல்லவேளைம்மா, அங்க இருந்தாங்க" என்றாள். அந்த 'நல்லவேளை' எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் காலனிப் பெண்கள் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். "தெனம் வரவு செலவு எழுதுறவ நீதான், இதையும் எழுதிடு" என்றாள் சரோஜா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பக்திப் பாட்டுப் புத்தகங்களிலும் பருப்பு மடித்து வந்த காகிதங்களிலும் மீதிப் படிப்பைப் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரை உங்களில் பலர் பால்வாடியில் பார்த்திருப்பீர்கள். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். ஒரே மகள் லூர்து. குள்ளமான உருவம், பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடினால் ஜங்ஷன் வரை கேட்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பீங்கான் வாத்து.

அறுபதுகளின் நடுவில் நம் தெருவில் பாதி வீடுகளில் பொம்மை வேலை நடந்தது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஈரப் பஞ்சால் விளிம்பைத் தடவிச் சீர் செய்து திருப்பிக் கொடுப்போம். குழந்தை விரல் பட்டாலே மூக்கு உடைந்துவிடும். அதனால் தெருவில் இருந்த அத்தனை தாய்மார்களுக்கும் ஒரே சொல்தான்: "சூடு! தொடாதே!" அந்தப் பொம்மைகள் தரையைப் போல ஜில்லென்று இருக்கும். பிள்ளைகள் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் தொட்டுப் பார்ப்பார்கள். அம்மா சொல்லும் சூட்டுக்கு அர்த்தமில்லை என்று தெரிந்துகொள்வார்கள். செல்வியும் நான்கு வயதுக்குள் தெரிந்துகொண்டுவிட்டாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் வேலை செய்த பீங்கான் யூனிட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். சூளைக்குச் சந்தனம், பொட்டு, மாலை எல்லாம் வைத்திருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் புதுச் சரக்கு வைக்க வேண்டும் என்று யாரோ அவசரத்தில் சூளையைத் திறந்து சில உருப்படிகளை எடுத்துப் பலகையில் வைத்திருக்கிறார்கள். சூளையிலிருந்து வந்த பீங்கானைப் பார்த்தால் சூடு தெரியாது. இரும்பு என்றால் சிவப்பாவது இருக்கும். இது ஆறினாலும் வெள்ளை, ஆறாவிட்டாலும் வெள்ளை. பலகை ஓரத்தில் ஒரு வாத்து. "செல்வி, சூடு!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு கையாலும் அதை அள்ளினாள். அலறல் கேட்டு ஓடிய ரவி அதைப் பிடுங்கி எறிந்தான். அவனுக்கு அப்போது பத்து வயது. இரண்டு பேருக்கும் கை வெந்துவிட்டது. வாத்து பொரி மூட்டையின் மேல் விழுந்ததால் உடையவில்லை.

புண் ஆறியது. ரவி ஒரு வாரத்தில் பழையபடி கோலி விளையாடப் போனான். பீங்கானைக் கண்டால், "இது எப்ப எடுத்ததுப்பா?" என்று ஒரு கேள்வி கேட்பான், அவ்வளவுதான். செல்வி அப்படி இல்லை. முதலில் வீட்டில் இருந்த பொம்மைகளைக் கண்டு ஒதுங்கினாள். பிறகு ஊறுகாய் ஜாடி. பிறகு பால். ஒரு காலை இட்லியைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மத்தியானம் சோற்றையும் அப்படியே. வாசலில் கோலம் போட்டால் தாண்டமாட்டாள், தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெள்ளைக் கோழி வந்தால் வீட்டுக்குள் ஓடுவாள். எல்லாவற்றையும் விட என்னால் பொறுக்க முடியாதது, விபூதி வைக்கப் போன என் விரலைக் கண்டு தலையை இழுத்துக்கொண்டதுதான். கேழ்வரகுக் களியும் புளிச்சாறும் கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கன்னம் ஒட்டிப்போயிற்று. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

டாக்டரிடம் காட்டினேன். "பயந்திருக்குது, வயசானா சரியாயிடும்" என்றார். மந்திரித்துக் கயிறு கட்டினேன். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராதாக எழுதி வேலில் கட்டிவிட்டும் வந்தேன். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சோற்றில் மஞ்சள் பொடி கலந்தேன். பாலிலும் மஞ்சள். குழந்தை சாப்பிட்டாள். பெரிய காரியம் சாதித்த நினைப்போடு பால்வாடிக்குப் போய் ஞானம்மா டீச்சரிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "நல்ல வேலை பண்ணின ராஜி. வயிறு ரொம்பணும், அது மொதல்ல. ஆனா அது இன்னும் வெள்ளைச் சோத்தைத் தொடலையே. தொடாம இருக்கறவளுக்கு அது சுடாதுன்னு யாரு வந்து சொல்லுவா?"

"டாக்டரு, வயசானா சரியாயிடும்னு சொல்றாருங்களே டீச்சர்."

"ஆயிடும். ஆனா வயசு சும்மா ஒக்காந்து வேலை செய்யாது. தொட்டுப் பார்க்க அதுக்கு ஏதாச்சும் குடுக்கணும். ஜூன் மாசம் ஒண்ணாங்கிளாசு. செவுரெல்லாம் சுண்ணாம்பு, கையில சாக்பீசு. அங்க போய் இந்தப் புள்ள எங்க நிக்கும்?"

அதுவரை சோற்றைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டவள் நான். அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பது உறைத்தது. பிராது கட்டியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வேதக்காரர், என்ன நினைப்பாரோ என்று.

"சாமிக்கு எழுதிட்டியா? ரொம்ப நல்லது. பதில் வர்ற வரைக்கும் நாம வேலையைப் பாப்போம்" என்றார்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மறுநாளே டீச்சர் யூனிட்டுக்குப் போய்ச் சூளை இறக்குகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் எந்த உருப்படியையும் எடுத்த எடுப்பில் பிடிக்கமாட்டார்கள். முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோவார்கள். அனல் அடித்தால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால்தான் உள்ளங்கை. இது தினமும் என் வீட்டுக்காரர் செய்கிற காரியம். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

பால்வாடியில் ஒரு நீளப் பலகை போட்டார். உப்பு, மல்லிகை மொட்டு, பஞ்சு, அரிசி, முட்டை, சாக்பீஸ் என்று வரிசையாக வைத்தார். கடைசியில் அந்த வாத்து. என் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் போய்ப் புறங்கையை நீட்ட வேண்டும். மற்றதுகள் "ஆறிப்போச்சா?" என்று கத்தும். போன பிள்ளை "ஆறிப்போச்சு!" என்று கத்திவிட்டு எடுக்க வேண்டும். இடையில் டீச்சர் தன் வெள்ளைக் கோப்பையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் வைத்தார். கோப்பைக்குப் பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொள்வார்.

இதைப் பார்த்துச் சரோஜா சண்டைக்கே போய்விட்டாள். "ஒரு புள்ள வெந்தது பத்தாதா டீச்சர்? சுடற காப்பியைக் கொண்டாந்து நடுவுல வெக்கிறீங்களே!"

"அதை எடுத்துட்டா, எல்லாமே ஆறினதுன்னு கத்துக்கும் சரோஜா. நீங்க எல்லாரும் சேந்து, எல்லாமே சூடுன்னு சொல்லிக்குடுத்தீங்க. நான் எல்லாமே ஆறினதுன்னு சொல்லிக்குடுத்தா அதுவும் அதே வேலைதான். ரெண்டும் இருக்குதுன்னு தெரியணும்."

"உங்களுக்குக் காப்பி குடிக்க ஒரு சாக்கு."

"அதுவும்தான்" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு, ஆட்டம் முடியறதுக்குள்ள அது நெசமாவே ஆறிடுது. பச்சைத்தண்ணியாட்டம் குடிக்கிறேன். கொழந்தைங்களுக்காக நான் பண்ற தியாகம் இதுதான்."

செல்வி முதல் சில வாரங்கள் தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. டீச்சர் ஒரு நாளும் அவளைக் கூப்பிடவில்லை. "கூப்பிட்டா வருவா, நமக்காக வருவா. அவளுக்காக வரட்டும்" என்பார். முதலில் பயம் விட்டது உப்பில். மாங்காய்க் கீற்று ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உப்பில்லாமல் மாங்காய் தின்ன எந்தப் பிள்ளையால் முடியும்? புறங்கை போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. "ஆறிப்போச்சு" என்று தனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாளாம். அன்று டீச்சர் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து சொன்னார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மல்லிகை, பிறகு அரிசி, பிறகு சோறு. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். என் விரலில் இருந்த விபூதிக்கு முன்னால் செல்வி புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, நெற்றியைக் கொண்டுவந்து காட்டினாள். பிராதுக்குப் பதில் வந்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். "ஆமா ராஜி, வந்துடுச்சு" என்றார். ஜூன் மாதம் செல்வி சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து நின்று சிலேட்டில் எழுதினாள். வாத்து மட்டும் தொடாமல் நின்றது. டீச்சர் அதைப் பால்வாடி அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். ஏழு வயதில், பால்வாடிச் சின்னப் பிள்ளைகளோடு விளையாடப் போன செல்வி ஒரு நாள் அலமாரியைத் திறந்து, புறங்கை வைத்துப் பார்த்து, அதைக் கையில் எடுத்தாள். "டீச்சர், இது எவ்ளோ சின்னது!" என்றாள்.

நான் ஒரு முறை கேட்டேன், ஒரே வாத்து, ஒரே சூடு, ரவிக்கு ஏன் இப்படி ஆகவில்லை என்று. அவர் யோசித்துச் சொன்ன பதிலை அன்றைய பால் கணக்குக்குக் கீழே எழுதி வைத்தேன்: "சின்னதுங்க கண்ணால பயப்படும். அதே வெள்ளையா இருந்தாப் போதும், எல்லாமே அந்த வாத்துதான். வளர வளரப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சிடும், இது வேற அது வேறன்னு. ஆனா பெரிசுங்க தப்பிச்சிட்டதா நெனைக்காதே. அதுங்க பேரால பயப்படும்."

ரவி அதற்குச் சாட்சி. வெள்ளை எதுவும் அவனை ஒன்றும் செய்யவில்லை. 'சூளை' என்ற பேர் மட்டும் போதும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகச் சொன்னால் கேட் வரை போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவான். பீங்கான் தொழில் படிக்கச் சொல்லி அப்பா எவ்வளவோ சொன்னார், மாட்டேன் என்றுவிட்டான். இன்று வெல்டிங் கடையில் நாள் முழுக்க நெருப்புப் பொறிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். "அது சூளை இல்லையேம்மா" என்கிறான்.

டீச்சருக்கும் அப்படி ஒரு பேர் உண்டு. அது பஸ்.

நான் அவரை அறியுமுன் பெண்ணாடத்துக்கு அந்தப் பக்கம் அவர் போன பஸ் சறுக்கி வாய்க்காலில் சாய்ந்திருக்கிறது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஒரு கோழிக் கூடையும் எண்ணெய் டின்னும் இவர் மேல் விழுந்ததோடு சரி. அதிலிருந்து ரயிலில் ஏறுவார், மாட்டு வண்டியில் ஏறுவார், பஸ் என்றால் மாட்டார். லூர்துவைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு ரயிலில் பெண்ணாடம் போய், கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டரில் ஏறித் திட்டக்குடி போய்ச் சேருவார். "டிராக்டர் கவுந்தா பஸ்ஸை விட மோசமாச்சே டீச்சர்" என்று சரோஜா கேட்டதற்கு, "அது இன்னும் கவுழலையே" என்றார். எங்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். "எனக்கு மட்டும் இன்னும் நாலு வயசு ராஜி."

முழங்கால் வீங்கி, டிராக்டரில் ஏற முடியாமல் போன பிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. நெஞ்சு வலியும் சேர்ந்துகொண்டது. லூர்துவுக்குக் குழந்தை பிறந்தது. அவள் வந்து, "எங்கூட வந்துடும்மா, தனியா இருக்காதே" என்று அழுதாள். அந்தோணி டாக்சி வைக்கிறேன் என்றார். "அவ்வளவு செலவு எதுக்கு? அப்புறம் பாக்கலாம்" என்று டீச்சர் தள்ளிக்கொண்டே போனார். பேத்தியைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். ஒற்றை ரூமில் ஒரு ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் கதவைத் தட்டக்கூட ஆள் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

செல்விக்குப் பதினான்கு வயது. ஒரு மத்தியானம் என்னிடம் கூடக் கேட்காமல் டீச்சரைக் கைப்பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். திட்டக்குடி பஸ் இன்ஜினை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றது.

"ஏற வேணாம் டீச்சர். புறங்கையை மட்டும் வெச்சுப் பாருங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே பஸ் தகரத்தில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "அடியேய், நெசமாவே சுடுதுடி!"

கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா காலையில வரலாம் டீச்சர். ஆறியிருக்கும்" என்றாள்.

காலையில் போனார்கள். புறங்கை வைத்தார். படியில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார். அடுத்த நாளும் அப்படியே. கண்டக்டர், "என்னங்க டீச்சர், எங்க பஸ்ஸுல வூடு கட்டப் போறீங்களா?" என்றார். "வாடகை எவ்ளோன்னு சொல்லு, பாக்கலாம்" என்றார் டீச்சர். பேச்சு வந்துவிட்டது என்று எனக்குத் தைரியம் வந்தது. பிறகு ஒரு நாள் கருவேப்பிலங்குறிச்சி வரை போய்த் திரும்பினார்கள். வழி நெடுக டிரைவரை ஒரு பாடு திட்டினாராம். கண்ணை மூடவில்லையாம். பஸ்ஸின் மேல் பிரியம் வந்துவிடவில்லை, அதையும் எழுத வேண்டும். பயம் போகவே இல்லை என்றும் அவரே சொன்னார். "போகலடி ராஜி. ஆனா எம் பக்கத்துல ஒரு சீட்டுல ஒக்காந்திருக்குது. மடியில இல்ல."

அந்த வாரமே ஒரு பெட்டியும் ஒரு கூஜாவுமாகத் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினார். செல்வியும் நானும் கூடப் போனோம். பஸ் நிற்கும் இடத்தில் லூர்து குழந்தையோடு காத்திருந்தாள். டீச்சர் இறங்கி, முதல் வேலையாகப் பேத்தியின் கன்னத்தருகே புறங்கையைக் கொண்டுபோனார். "ஆறிப்போச்சா டீச்சர்?" என்று கேட்டாள் செல்வி. "இல்லடி, கதகதன்னு இருக்குது" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் இருந்தது எல்லாம் அந்த வீட்டில்தான். மகள் கையால் காப்பி, மடியில் பேத்தி. அந்தோணி வந்து சொன்னபோது எங்களுக்கு மூச்சு வந்தது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். அவர் கதவைத் தட்ட ஆளில்லாத அந்த ஒற்றை ரூமில் போகவில்லை.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை: பஸ் ஏறிய அன்று அவர் கொடுத்துவிட்டுப் போன அந்த வாத்து எங்கள் பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமிக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. ஆறினதைச் சூடு என்று எந்தக் குழந்தையிடமும் நான் இப்போது சொல்வதில்லை. பச்சைப் பொம்மையை, "ஒடஞ்சிடும் கண்ணு" என்றுதான் சொல்கிறேன். அதுதானே உண்மை. அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் என் கை தானாகப் புறங்கையாகத் திரும்புகிறது, அப்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது.

முப்பதாம் நாள் திட்டக்குடியில் பூசை வைக்கிறார்கள். லூர்து நம் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறாள். டாக்சி வேண்டாம், அவர் போன காலை பஸ்ஸிலேயே போவோம் என்று செல்வி சொல்கிறாள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பஸ்ஸுக்குப் பயப்படுகிற பிள்ளை இருந்தால் அதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், செல்வி ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போவாள். சாமியிடம் கேட்டால் பதிலுக்கு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன். கண்டக்டர் அப்படிக் காத்திருக்கமாட்டார். யார் யார் வருகிறீர்கள் என்று எனக்குச் சீக்கிரம் சொல்லி அனுப்புங்கள்.